லேபிளில் 1965 என்று இருந்தால் முதல் அச்சா? பீட்டில்ஸ் தட்டு ஒன்றை வைத்து ஒரு விளக்கம்

கேள்வி சுருக்கமாக இது: இங்கிலாந்தில் இருக்கும் உறவினர் ஒருவர், பழைய சாமான் விற்பவரிடம் பீட்டில்ஸின் ‘ரப்பர் சோல்’ எல்.பி. ஒன்றை வாங்கி அனுப்பியிருக்கிறார். மோனோ தட்டு, அட்டையில் பி.எம்.சி. 1267 என்ற எண். தட்டின் நடுவில் ஒட்டிய வட்டக் காகிதத்தில், அதாவது மஞ்சளும் கறுப்புமான பார்லபோன் கம்பெனி லேபிளில், 1965 என்று அச்சாகியிருக்கிறது. விற்றவர் ‘ஃபர்ஸ்ட் பிரஸ்ஸிங்’ என்று அடித்துச் சொன்னாராம். அது உண்மையா, எப்படிக் கண்டுபிடிப்பது, மற்ற பழைய தட்டுகளுக்கும் இதே முறைதானா என்று கேட்டிருக்கிறீர்கள். லேபிளைச் சுற்றியுள்ள வெற்று வளையத்தில் பொறித்திருப்பதையும் எழுதி அனுப்பியிருக்கிறீர்கள். பாதி வேலையை நீங்களே முடித்துவிட்டீர்கள்.

முதலில் பதில். உங்களிடம் இருப்பது அசலான 1960-களின் பிரிட்டிஷ் அச்சு, அதிலும் இந்த ஆல்பத்தின் ஆரம்ப அச்சுகளில் ஒன்று. ஆனால் சேகரிப்பாளர்கள் ‘முதல் அச்சு’ என்று எதைச் சொல்கிறார்களோ, அதாவது ஆல்பம் வெளியானபோது முதல் வெட்டிலிருந்து அடித்த தட்டு, அது இல்லை. விற்றவர் பொய் சொன்னார் என்று நான் சொல்லமாட்டேன். 1965 என்று பார்த்தால் யாரும் அப்படித்தான் நினைப்பார்கள்.

அந்த 1965-ஐயே முதலில் எடுத்துக்கொள்வோம். உங்கள் லேபிளை உற்றுப் பாருங்கள். ‘ரெக்கார்டிங் ஃபர்ஸ்ட் பப்ளிஷ்ட் 1965’ என்றுதான் இருக்கும். பதிவு முதன்முதலில் வெளியான ஆண்டு அது. இந்தத் தட்டை எந்த ஆண்டில் அடித்தார்கள் என்பதற்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. 1968-இல் அடித்த தட்டிலும் 1965-தான் இருக்கும், 1978-இல் அடித்ததிலும் 1965-தான் இருக்கும். பின்னாளில் வட்டத்துக்குள் பி எழுத்துப் போட்டு ஆண்டைக் குறிக்கிறார்களே, அதற்கும் இதே கதைதான். பழைய தட்டு வாங்குபவர்கள் முதலில் சறுக்கும் இடம் இது.

அடுத்தது பட்டியல் எண், அதாவது அந்த பி.எம்.சி. 1267. அதுவும் ஆல்பத்தின் எண்தான், அச்சின் எண் இல்லை. மோனோவுக்கு பி.எம்.சி. 1267, ஸ்டீரியோவுக்கு பி.சி.எஸ். 3075. அந்த ஸ்டீரியோ எண் 1970-களிலும் அப்படியே தொடர்ந்தது. இதைவிட நன்றாகக் குழப்பும் உதாரணம் பிங்க் ஃபிளாய்டின் ‘தி டார்க் சைட் ஆஃப் தி மூன்’. 1973-இல் ஹார்வெஸ்ட் லேபிளில் வெளியானபோது அதன் பிரிட்டிஷ் எண் எஸ்.எச்.வி.எல். 804. முப்பதாம் ஆண்டை ஒட்டி 2003-இல் புதிதாக வெட்டி அடித்த தட்டுக்கும் அதே எண். எண்ணை மட்டும் சொல்லி விற்கும் விளம்பரத்தைப் பார்த்தால் எது எதுவென்று சொல்லவே முடியாது. லேபிளையும் வெற்று வளையத்தையும் சேர்த்துப் பார்த்தால் தெரியும். 1973-இன் ஆரம்பத் தட்டுகளில் லேபிளில் உள்ள முக்கோணம் முழுக்க நீல நிறம் நிரப்பியது. கொஞ்ச காலத்திலேயே அது வெறும் கோட்டு முக்கோணமாக மாறிவிட்டது. அந்த ஆரம்பத் தட்டுகளின் வெற்று வளையத்தில் ஏ-2, பி-2 என்று இருக்கும்.

பீட்டில்ஸிலும் அப்படி ஒன்று உண்டு. 2014-இல் மோனோ ஆல்பங்களை எல்லாம் ஒரு பெட்டியாகக் கொண்டுவந்தார்கள். கணினிப் பக்கமே போகாமல், பழைய நாடாக்களிலிருந்து நேராக வெட்டி, ஜெர்மனியில் அடித்தது. பழைய மஞ்சள்-கறுப்பு லேபிளையும் அட்டையையும் அதே சாயலில் அச்சிட்டார்கள். பழையது என்று நினைத்து யாரும் ஏமாறக் கூடாதே என்பதற்காகச் சொல்கிறேன். தட்டாக அது மிக நல்ல தட்டு. கேட்பதற்கு மட்டும் வேண்டும் என்பவர்களுக்கு முதலில் நான் சொல்வது அதைத்தான்.

சரி, அட்டையும் எண்ணும் ஆண்டும் சொல்லாததை எது சொல்லும்? நீங்கள் எழுதி அனுப்பிய அந்த வெற்று வளையம். ‘டெட் வாக்ஸ்’ என்பார்கள், ‘ரன்-அவுட்’ என்றும் சொல்வார்கள். அதைப் படிக்க வேண்டுமானால் தட்டு எப்படி உருவாகிறது என்று தெரிந்திருக்க வேண்டும். நாடாவில் இருக்கும் பாட்டை லாக்கர் பூசிய ஒரு அலுமினியத் தட்டில் ஊசியால் வெட்டுவார்கள். பீட்டில்ஸ் தட்டுகளுக்கு இது லண்டன் அபே ரோடு ஸ்டுடியோவில் நடந்தது. அந்த லாக்கர் தட்டின்மேல் உலோகம் ஏற்றிப் பிரித்தெடுத்தால் கிடைப்பது ‘ஃபாதர்’. அதில் பள்ளத்துக்குப் பதில் மேடு இருக்கும். ஃபாதரிலிருந்து மறுபடி எடுப்பது ‘மதர்’, இதில் மீண்டும் பள்ளம். மதரிலிருந்து எடுப்பது ‘ஸ்டாம்பர்’. அந்த ஸ்டாம்பரைத்தான் பிரஸ்ஸில் மாட்டி, சூடான வினைலை நசுக்கித் தட்டு அடிப்பார்கள். பார்லபோன், ஹார்வெஸ்ட் லேபிள்களை நடத்திய இ.எம்.ஐ. நிறுவனத்துக்கு இந்த ஆலை மிடில்செக்ஸில் உள்ள ஹேய்ஸில் இருந்தது. ஸ்டாம்பர் தேய்ந்தால் மதரிலிருந்து இன்னொன்று, மதர் போதாமல் போனால் ஃபாதரிலிருந்து இன்னொன்று. எல்லாம் பழசாகிவிட்டாலோ, வெட்டிய விதமே பிடிக்காமல் போனாலோ மறுபடி நாடாவுக்குப் போய்ப் புது லாக்கர் வெட்ட வேண்டும். ஒவ்வொரு படியிலும் ஒரு அடையாளம் பொறிக்கிறார்கள். அந்த அடையாளங்கள் எல்லாம் கடைசியில் உங்கள் கையில் இருக்கும் தட்டில் வந்து நிற்கின்றன.

இ.எம்.ஐ. இதில் மிகவும் ஒழுங்கு. வளையத்தில் இருக்கும் நீளமான எண்தான் மேட்ரிக்ஸ் எண், எந்தப் பக்கம், எந்த வெட்டு என்பதைச் சொல்வது. அது உங்களை நோக்கிக் கீழே, கடிகாரத்தில் 6 மணி இருக்கும் இடத்தில் வரும்படி தட்டைத் திருப்பி வையுங்கள். இடப்பக்கம் 9 மணி இடத்தில் ஒரு எண் இருக்கும், அது மதர் எண். வலப்பக்கம் 3 மணி இடத்தில் ஓரிரு எழுத்துகள் இருக்கும், அது ஸ்டாம்பர் எண். எண்ணை எழுத்தில் எழுதியிருக்கிறார்கள். கிராமபோன் என்பதன் ஆங்கில எழுத்துகளில் முதல் ஏழையும், லிமிடெட் என்பதன் சுருக்கமான எல், டி, டி என்ற மூன்றையும் வரிசையாக எழுதுங்கள். ஜி 1, ஆர் 2, ஏ 3, எம் 4, ஓ 5, பி 6, எச் 7, எல் 8. கடைசி இரண்டும் தமிழில் ஒன்றுபோலத் தெரிந்தாலும் வேறு வேறு எழுத்து: லிமிடெட் சுருக்கத்தில் முதலில் வருவது 9, கடைசியில் வருவது 0. ஜி.ஜி. என்றால் 11. ஆர்.எம். என்றால் 24. இவ்வளவுதான்.

இப்போது உங்கள் தட்டு. முதல் பக்கத்தில் எக்ஸ்.இ.எக்ஸ். 579-4, இடப்பக்கம் 3, வலப்பக்கம் ஜி.ஏ. என்று எழுதியிருக்கிறீர்கள். இரண்டாம் பக்கத்தில் எக்ஸ்.இ.எக்ஸ். 580-4, இடப்பக்கம் 1, வலப்பக்கம் ஆர்.ஓ. எக்ஸ்.இ.எக்ஸ். என்று தொடங்கினால் மோனோ. ஸ்டீரியோவாக இருந்தால் ஒய்.இ.எக்ஸ். என்று தொடங்கும். 579 முதல் பக்கத்துக்கு, 580 இரண்டாம் பக்கத்துக்கு. கோட்டுக்குப் பின்னால் வரும் 4-தான் எந்த வெட்டு என்பதைச் சொல்கிறது: நான்காம் எண் லாக்கர். முதல் பக்கம் மூன்றாம் மதரிலிருந்து எடுத்த 13-ஆம் ஸ்டாம்பர். இரண்டாம் பக்கம் முதல் மதரிலிருந்து எடுத்த 25-ஆம் ஸ்டாம்பர். இரண்டு பக்கத்துக்கும் எண்கள் ஒத்துப்போகவில்லையே என்று யோசிக்க வேண்டாம். இரண்டு பக்கத்து ஸ்டாம்பரும் ஒரே நேரத்தில் தேய்வதில்லை. ஒரு பக்கத்தைக் கழற்றி மாற்றும்போது மறுபக்கம் அப்படியே ஓடும்.

ஸ்டாம்பர் எண் சிறியதாக இருந்தால் முந்தியது என்பது பொதுவாகச் சரிதான். ஆனால் அதைத் தங்கத் தரம் மாதிரி பேசுவது எனக்கு ஒப்புதல் இல்லை. பீட்டில்ஸ் ஆல்பம் வெளியாகும் வாரத்தில் ஆலையில் பல பிரஸ்கள் ஒரே நேரத்தில் ஓடியாக வேண்டும். ஒன்றில் 3-ஆம் ஸ்டாம்பர், பக்கத்தில் 13-ஆம் ஸ்டாம்பர் என்று ஒரே நாளில் ஓடியிருக்கலாம். ஜி என்ற ஒற்றை எழுத்துக்காக மட்டும் பல மடங்கு விலை கொடுப்பதில் காதுக்குப் பயன் ஏதும் இல்லை. ஸ்டாம்பர் ஓடத் தொடங்கியபோது அடித்த தட்டா, தேயும் நேரத்தில் அடித்த தட்டா என்பதுதான் ஒலியில் தெரியும். அதை எந்த எழுத்தும் சொல்லாது.

வெட்டு எண் அப்படி இல்லை. அது ஒலியையே மாற்றும். ‘ரப்பர் சோல்’ 1965 டிசம்பர் 3 அன்று வெளியானது. அப்போது வந்த மோனோ தட்டுகளில் இரண்டு பக்கமும் -1 என்று முடியும். ‘லவுட் கட்’ என்று உலகம் முழுக்கத் தேடுவது இதைத்தான். ஒலி அளவும் கீழ்ச்சுரங்களும் தூக்கலாக வெட்டியது. விலை குறைந்த பிளேயர்களில் ஊசி பள்ளத்தை விட்டுத் துள்ளிவிடும் என்ற கவலையால் அதை விரைவிலேயே நிறுத்திவிட்டு, கொஞ்சம் அடக்கி வெட்டிய லாக்கருக்கு மாறினார்கள் என்பது வழக்கமாகச் சொல்லப்படும் காரணம். அதற்குப் பின் பரவலாகக் கிடைப்பது உங்களிடம் இருக்கும் -4. ஆகவே கறாராகச் சொன்னால் உங்களுடையது முதல் வெட்டு இல்லை. அதே மஞ்சள்-கறுப்பு லேபிள், அதே அட்டை, அதே ஆண்டு, ஆனால் வேறு வெட்டு. வளையத்தில் அந்த ஒரு இலக்கத்தைப் பார்க்காதவருக்கு இது தெரியவே தெரியாது.

-1 தட்டை நல்ல நிலையில் கேட்டால் முதல் பாட்டின் பேஸ் கிடாரிலேயே வித்தியாசம் தெரியும், மறுக்கவில்லை. ஆனால் ‘நல்ல நிலையில்’ என்பதுதான் சிக்கல். அந்தக் காலத்துப் பிளேயர்களில் ஊசியின் பாரம் அதிகம். தூக்கலாக வெட்டிய பள்ளம் அதில் இன்னும் சீக்கிரம் தேயும். கரகரக்கும் -1-ஐவிடச் சுத்தமான -4 மேல் என்பது என் கட்சி.

அப்புறம் லேபிள். மேட்ரிக்ஸ் எண் எந்த வெட்டு என்று சொல்லும், எப்போது அடித்தது என்று சொல்லாது. உலோக அச்சைப் பத்திரமாக வைத்திருந்து பல ஆண்டு கழித்தும் மாட்டலாம். காலத்தைச் சொல்வது லேபிள்தான், அது மாறிக்கொண்டே இருந்தது. பீட்டில்ஸின் முதல் ஆல்பமான ‘ப்ளீஸ் ப்ளீஸ் மீ’ 1963 மார்ச் 22 அன்று வந்தபோது பார்லபோன் லேபிள் கறுப்பில் பொன்னிற எழுத்து. சீக்கிரமே அது மஞ்சள்-கறுப்பாக மாறிவிட்டது. அந்தச் சிறு இடைவெளியில் அடித்த கறுப்பு-பொன் தட்டுகளுக்குத்தான் இன்று அவ்வளவு மவுசு. அதிலும் ஸ்டீரியோ தட்டு, பி.சி.எஸ். 3042, மோனோவுக்கு ஒரு மாதம் கழித்து ஏப்ரலில்தான் வந்தது. அன்று ஸ்டீரியோ வாங்கியவர்களே குறைவு என்பதால் கறுப்பு-பொன் ஸ்டீரியோ அரிதிலும் அரிது. அதே ஆல்பத்தில் இன்னொரு நுணுக்கமும் உண்டு. மிக ஆரம்பத்தில் அடித்த லேபிள்களில் சில பாடல்களின் உரிமை டிக் ஜேம்ஸ் மியூசிக் பெயரில் இருக்கும், பிறகு அடித்தவற்றில் நார்தர்ன் சாங்ஸ். அந்தக் கம்பெனி அப்போதுதான் தொடங்கியிருந்தது, லேபிளை அதற்குத் தகுந்தபடி திருத்தினார்கள்.

மஞ்சள்-கறுப்பு லேபிளே எல்லா ஆண்டும் ஒன்று இல்லை. ஓரத்தைச் சுற்றி ஓடும் பொடி எழுத்தைப் படியுங்கள். 1965 வரை அது ‘தி பார்லபோன் கம்பெனி லிமிடெட்’ என்று தொடங்கும். அந்த ஆண்டில் ‘தி கிராமபோன் கம்பெனி லிமிடெட்’ என்று மாறியது. 1973-இல் அது ‘இ.எம்.ஐ. ரெக்கார்ட்ஸ் லிமிடெட்’ ஆனது. லேபிளின் நடுப்பகுதியில் இன்னொரு வரி: இந்தத் தட்டு பிரிட்டனில் மறுவிற்பனை விலை நிபந்தனைக்கு உட்பட்டு விற்கப்படுகிறது என்று ஆங்கிலத்தில் இருக்கும். தயாரிப்பாளர் சொன்ன விலைக்குக் குறைத்துக் கடைக்காரர் விற்கக் கூடாது என்ற அந்நாளைய ஏற்பாடு அது. 1964 முதல் 1969 வரை அடித்தவற்றில் அந்த வரியைப் பார்க்கலாம். உங்கள் லேபிளில் கிராமபோன் கம்பெனியும் இருக்கிறது, அந்த வரியும் இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியென்றால் மிகத் தாராளமாகக் கணக்கிட்டாலும் 1969-ஐத் தாண்டாது. -4 வெட்டு, 13, 25 என்ற ஸ்டாம்பர் எண்கள், இவற்றையும் சேர்த்துப் பார்த்தால் ஆல்பம் வெளியான குளிர்காலத்தில் அடித்ததாகத்தான் எனக்குப் படுகிறது.

1969-க்குப் பிறகு மஞ்சள் போய் வெள்ளி நிற எழுத்தில் கறுப்பு லேபிள் வந்தது. முதலில் அதில் இ.எம்.ஐ. என்ற பெயர் ஒரு பெட்டிக்குள் ஒருமுறை இருக்கும். 1973-ஐ ஒட்டி அது இரண்டு பெட்டி ஆயிற்று. சந்தையில் அதிகம் கிடைப்பது இந்த இரண்டு பெட்டித் தட்டுதான், 1970-களில் ஏராளமாக அடித்தார்கள். மோனோ 1960-களின் இறுதியோடு ஓய்ந்துவிட்டதால் அவை பெரும்பாலும் ஸ்டீரியோ. நல்ல ஒலி, விலையும் கையைக் கடிக்காது. ‘முதல் அச்சு’ என்ற பட்டம் இல்லாததால் இவற்றை ஒதுக்குவது எனக்கு வருத்தமாக இருக்கும்.

லேபிளில் கண்ணுக்கு எளிதில் படாத ஒன்று இருக்கிறது, நீங்கள் எழுதி அனுப்பியதில் அது இல்லை. நடுத்துளைக்குப் பக்கத்தில், மையில் அச்சிடாமல் வெறுமனே அழுத்திப் பொறித்த இரண்டு எழுத்துகள் இருக்கின்றனவா என்று பாருங்கள். 1960-களின் தட்டுகளில் கே.டி. (KT) என்பது அடிக்கடி காணப்படும். அன்று பிரிட்டனில் இசைத்தட்டுக்குக் கொள்முதல் வரி இருந்தது. வரி விகிதத்தைக் குறிக்க அந்த எழுத்துகளைப் பொறித்தார்கள், விகிதம் மாறினால் எழுத்தும் மாறும். 1973 ஏப்ரலில் அந்த வரியே போய் வாட் வந்தது. ஆகவே வரி எழுத்து பொறித்த தட்டு அதற்கு முன் அடித்தது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம். லேபிள் காகிதம் மிச்சம் இருந்தால் பழையதையே சில வாரம் ஒட்டித் தீர்ப்பார்கள். வரி எழுத்தில் அந்தச் சலுகை கிடையாது.

பார்க்கும் முறையைச் சொல்லிவிடுகிறேன். மேலிருந்து நேராக வெளிச்சம் அடித்தால் வளையத்தில் ஒன்றும் தெரியாது. அறை விளக்கை அணைத்துவிட்டு, டார்ச்சைத் தட்டின் மட்டத்துக்குத் தாழ்த்திப் பக்கவாட்டில் அடியுங்கள். மேட்ரிக்ஸ் எண் அழுத்தமாக இருக்கும். மதர் எண்ணும் ஸ்டாம்பர் எழுத்தும் சிறிதாக, சில நேரம் பாதி அழிந்து, சாய்ந்து கிடக்கும். தட்டை மெதுவாகச் சுற்றினால் ஒரு கோணத்தில் பளிச்சென்று எழுந்து நிற்கும். ஜி-யும் சி-யும் குழப்பும், ஓ-வும், 0-ஐக் குறிக்கும் டி-யும் குழப்பும். மேலே சொன்ன பத்து எழுத்தில் சி இல்லவே இல்லை என்பதை நினைவில் வைத்தால் பாதிக் குழப்பம் தீரும்.

அட்டைக்கு வருவோம். 1960-களின் பிரிட்டிஷ் அட்டையில் முன்பக்கம் பளபளப்பான லேமினேஷன். முன்பக்கத் தாளின் ஓரங்களைப் பின்பக்கம் மடித்து ஒட்டியிருப்பார்கள், பின்னட்டையில் பட்டை பட்டையாகத் தெரியும். ‘ஃபிளிப்-பேக்’ என்பது இதுதான். கீழ் ஓரத்தில் அச்சகத்தின் பெயர் இருக்கும், கராட் அண்ட் லாஃப்ட்ஹவுஸ் அல்லது எர்னஸ்ட் ஜே. டே. 1970-களில் இந்த மடிப்பு மறைந்துவிட்டது. உள் உறையில் எமிடெக்ஸ் என்ற தட்டுத் துடைக்கும் துணியின் விளம்பரம் இருந்தால் அது காலத்துக்குப் பொருத்தமான உறை. இவை எல்லாம் அட்டையின் வயதைத்தான் சொல்லும், உள்ளே இருக்கும் தட்டின் வயதை அல்ல. அறுபது ஆண்டில் எத்தனை வீடு, எத்தனை கை மாறியிருக்கும்! விருந்து முடிந்து தட்டை வேறு அட்டையில் செருகிவைத்தவர்கள் எத்தனை பேரோ. விற்பவர் அட்டைப் படத்தை மட்டும் காட்டினால், வளையத்தின் படத்தையும் கேளுங்கள்.

வெட்டு எண் வெறும் சேகரிப்பாளர் பித்து இல்லை என்பதற்கு அடுத்த ஆல்பமே சாட்சி. ‘ரிவால்வர்’ 1966 ஆகஸ்ட் 5 அன்று வந்தது, மோனோ எண் பி.எம்.சி. 7009. அதன் இரண்டாம் பக்கம் எக்ஸ்.இ.எக்ஸ். 606-1 என்று இருந்தால், கடைசிப் பாட்டான ‘டுமாரோ நெவர் நோஸ்’ வேறு மிக்ஸ், அதாவது அதே பதிவை வேறு விதமாகக் கலந்து முடித்த வடிவம். தட்டு வெட்டிய பிறகு, ரீமிக்ஸ் 11-க்குப் பதில் ரீமிக்ஸ் 8-ஐப் போட வேண்டும் என்று தயாரிப்பாளர் ஜார்ஜ் மார்ட்டின் மாற்றினார். அதற்குள் கொஞ்சம் தட்டு அடித்து முடித்திருந்தார்கள், அவையும் கடைக்குப் போய்விட்டன. -2 என்றோ அதற்கு மேலோ இருந்தால் நாம் வழக்கமாகக் கேட்பது. இங்கே அந்த ஒற்றை இலக்கம் வேறு ஒரு மிக்ஸையே தருகிறது.

‘ரப்பர் சோல்’ ஸ்டீரியோவிலும் இப்படி ஒரு திருப்பம் உண்டு, ஆனால் அது மிகவும் பிந்தியது. 1987-இல் சி.டி.க்காக ஜார்ஜ் மார்ட்டின் அந்த ஆல்பத்தின் ஸ்டீரியோவைப் புதிதாக ரீமிக்ஸ் செய்தார். 2012-இல் வந்த ஸ்டீரியோ எல்.பி.யும் அந்த ரீமிக்ஸின் வழி வந்ததுதான், டிஜிட்டல் கோப்பிலிருந்து வெட்டியது. 1965-இன் ஸ்டீரியோ மிக்ஸைத் தட்டில் கேட்க வேண்டுமென்றால் பழைய தட்டுத்தான் கதி. அதற்கு முதல் அச்சு தேவையில்லை, மேலே சொன்ன இரண்டு பெட்டித் தட்டு போதும்.

இனி, இதே முறை எல்லாத் தட்டுக்கும் பொருந்துமா என்ற கேள்வி. இல்லை. வெட்டு, அச்சு, லேபிள் மூன்றையும் தனித்தனியாகப் படிக்க வேண்டும் என்பது எங்கும் பொதுவானது. குறியீடுகள் கம்பெனிக்குக் கம்பெனி வேறு. அமெரிக்காவில் பீட்டில்ஸை வெளியிட்ட கேபிட்டல், ஸ்கிராண்டன், லாஸ் ஏஞ்சலிஸ் என்று பல ஊர்களில் ஒரே நேரத்தில் அடித்தது. அங்கே ‘முதல் அச்சு’ ஒன்று இல்லை, ஆலைக்கு ஒன்று. பாட்டு வரிசையே வேறு: அமெரிக்க ‘ரப்பர் சோல்’ தட்டில் பிரிட்டிஷ் தட்டின் நான்கு பாடல்கள் இல்லை, ‘ஹெல்ப்!’ ஆல்பத்திலிருந்து இரண்டைச் சேர்த்துப் பன்னிரண்டு ஆக்கினார்கள்.

அமெரிக்கத் தட்டுகளில் போலியும் கவனிக்க வேண்டும். 1964-இல் வீ-ஜே கம்பெனி வெளியிட்ட ‘இன்ட்ரொட்யூசிங் தி பீட்டில்ஸ்’ அளவுக்குப் போலி அடித்த தட்டு குறைவு. ஒரு எளிய சோதனை இருக்கிறது. அசலில் ஆல்பத்தின் பெயரும் குழுவின் பெயரும் இரண்டுமே நடுத்துளைக்கு மேலே இருக்கும். ஒன்று மேலே, ஒன்று கீழே என்று துளை நடுவில் பிரித்தால் போலி. வளையத்தில் ‘ஆடியோ மேட்ரிக்ஸ்’ என்று இயந்திரத்தால் பொறித்திருந்தால் நம்பிக்கை கூடும்.

ஜாஸ் பக்கம் போனால் நியூயார்க்கின் ப்ளூ நோட் தட்டுகளைப் படிப்பது தனி இன்பம். லேபிளில் இருக்கும் கம்பெனி முகவரியே காலத்தைச் சொல்லும்: லெக்சிங்டன் அவென்யூ என்றால் முந்தியது, மேற்கு 63-ஆம் தெரு என்றால் அதற்கு அடுத்தது. வளையத்தில் ஆர்.வி.ஜி. என்றோ வேன் கெல்டர் என்றோ இருந்தால் ஒலிப்பதிவாளர் ரூடி வேன் கெல்டர் வெட்டியது. ப்ளூ நோட்டுக்குத் தட்டு அடித்துக்கொடுத்த பிளாஸ்டிலைட் ஆலையின் அடையாளமாகக் காது மடல் போன்ற ஒரு கீறலும் இருக்கும். லிபர்ட்டி கம்பெனி ப்ளூ நோட்டை வாங்கியதோடு அந்தக் காது மறைந்துவிட்டது. லேபிள் பழையது, காது இல்லை என்றால், மிச்சமிருந்த பழைய லேபிளை ஒட்டி லிபர்ட்டி காலத்தில் அடித்த தட்டு. அடையாளங்கள் ஒன்றுக்கொன்று முரண்படும் இடத்தில்தான் உண்மையான தேதி மாட்டும்.

நம் ஊர்ப் பழைய கடைகளில் பார்லபோன் பீட்டில்ஸ் தட்டு கண்ணில் பட்டால் அது பெரும்பாலும் கல்கத்தா அருகே தம்தம் ஆலையில் அடித்ததாக இருக்கும். கிராமபோன் கம்பெனி 1928-இல் தொடங்கிய ஆலை அது. லேபிளில் ‘மேட் இன் இந்தியா’ என்று தெளிவாக இருக்கும். இங்கிலாந்திலிருந்து வந்த உலோக அச்சிலிருந்து இங்கே அடித்தவை உண்டு, அதனால் வளையத்தில் அதே எக்ஸ்.இ.எக்ஸ். எண்ணைப் பார்க்க நேரலாம். எண் ஒன்றாக இருப்பதால் பிரிட்டிஷ் தட்டு ஆகிவிடாது, இந்திய அச்சு என்பதால் வெட்டு வேறாகிவிடவும் செய்யாது. அந்தத் தட்டுகளில் பல அடிபட்டுக் கிடக்கும். சுத்தமாக ஒன்று கிடைத்தால் விடாதீர்கள், வளையத்தை மட்டும் முதலில் பார்த்துவிடுங்கள்.

உங்கள் தட்டுக்கு இனி பார்க்க வேண்டியது இரண்டு. நடுத்துளைப் பக்கம் வரி எழுத்து இருக்கிறதா, இருந்தால் எது. பின்னட்டையில் மடிப்புப் பட்டை இருக்கிறதா, கீழே எந்த அச்சகத்தின் பெயர். இரண்டும் எழுதினால் அட்டையும் தட்டும் ஒன்றாகவே வெளிவந்தவையா என்று சொல்லிவிடலாம். ஊசி வைப்பதற்கு முன் தட்டைக் கழுவிவிடுங்கள். மோனோ ஊசி இல்லையென்றால் பரவாயில்லை, ஆம்பிளிஃபையரில் மோனோ பொத்தான் இருந்தால் அதை அழுத்தினாலே கரகரப்பு கணிசமாகக் குறையும்.